காட்டுக்குள்ள தனியா ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டேன், டிரெக்கிங் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க

இதை எழுதலாமா வேணாமான்னு மூணு மாசமா யோசிச்சிட்டு இருந்தேன். எழுதினா "தனியா உன்னை யாரு போகச் சொன்னது"ன்னுதான் எல்லாரும் கேப்பாங்கன்னு ஒரு பயம். ஆனா போன வாரம் ஆபீஸ்ல ஒரு பொண்ணு இந்த மாதிரி ஒரு ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்கு நான் மட்டும் போயிட்டு வரப்போறேன்னு சந்தோஷமா சொன்னா, அவகிட்ட உக்காந்து ஒரு மணி நேரம் பேசினேன், அப்பதான் இதை யாராச்சும் எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு. அதான் உக்காந்து முழுசா எழுதறேன். தனியா போகாதீங்கன்னு சொல்றதுக்காக எழுதல. காட்டுல தனியா நடக்குறதுல ஒரு நிம்மதி இருக்கு, அது எனக்கு இன்னமும் வேணும்.

அன்னைக்கு காலைல பத்து மணிக்கே உள்ள போயிடணும்னு பிளான். வழியில லேட் ஆகி லேட் ஆகி கேட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி 2:30. அங்க ஒரு பெரிய போர்டுல மேப் போட்டிருந்தாங்க, சின்ன ரவுண்டு 3 கிலோமீட்டர், பெரிய ரவுண்டு 9 கிலோமீட்டர், பெரிய ரவுண்டுல 500 மீட்டர் ஏத்தம்னு எழுதியிருந்துச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு சின்னதுல நடந்துட்டுத் திரும்புறதான்னு எனக்கு மனசே இல்ல. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பேன், ரெண்டு மணி நேரம் ஆகும், 5 மணிக்குள்ள வெளிய வந்துடலாம், சூரியன் மறையறது 6:15, தாராளமா டைம் இருக்குன்னு கணக்குப் போட்டேன். டெஸ்க்ல ஒரு ரிஜிஸ்டர் திறந்து வெச்சிருந்தாங்க, பேனாவும் நூல்ல கட்டித் தொங்குச்சு, ஆனா அந்த நேரம் பாத்து சீட்ல யாரும் இல்ல. யாரும் கேக்கலையேன்னு எழுதாம அப்படியே உள்ள போயிட்டேன். அக்காகிட்டயும் ரெண்டு நாள் சும்மா வெளிய சுத்திட்டு வரேன்னு மட்டும்தான் சொல்லியிருந்தேன், எந்த இடம்னு சொல்லல, சொன்னா திட்டுவா.

அந்த டைம் கணக்கு எங்க தப்புன்னு இப்ப தெரியும். மலைப்பாதையில எவ்வளவு நேரம் ஆகும்னு கணக்குப் போட 1892ல ஸ்காட்லாந்துல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு மலையேறுறவர் ஒரு விதி சொல்லி வெச்சிருக்கார், இன்னைக்கும் அதைத்தான் பல பேர் வெச்சுக்கறாங்க. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அது போக ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். என்னோட 9 கிலோமீட்டருக்கும் 500 மீட்டர் ஏத்தத்துக்கும் அது 2 மணி 38 நிமிஷம் வருது. அதுவும் நல்லா நடந்து பழகினவங்க எங்கயும் நிக்காம நடந்தா ஆகுற நேரம். என்னை மாதிரி தண்ணி குடிக்க நின்னு, மூச்சு வாங்கி, போட்டோ எடுத்து நடக்குறவங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் சேத்துக்கணும். அப்படிப் பாத்தா நான் வெளிய வரவேண்டிய நேரமே 6:30 தாண்டிடுது. அதாவது கேட்டுலயே நான் லேட். வழி தவறாம நடந்திருந்தா கூட இருட்டுலதான் வந்திருப்பேன். இன்னொண்ணு, சூரியன் மறையற நேரத்தை வெச்சுக் கணக்குப் போடாதீங்க, அடர்த்தியான மரத்துக்குக் கீழ அதுக்கு ரொம்ப முன்னாடியே கால் வைக்கிற இடம் தெரியாமப் போயிடும்.

முதல் ரெண்டு மணி நேரம் அவ்வளவு அழகு, அதையும் சொல்லணும். மரத்துல மஞ்சள் பெயின்ட்ல கோடு போட்டிருந்தாங்க, அதைப் பாத்துப் பாத்து நடந்துட்டே இருந்தேன், எங்கயோ மரங்கொத்தி கொத்துற சத்தம், கால்ல சருகு மிதிபடுற சத்தம், அவ்வளவுதான். நாலரை மணி இருக்கும், பாதைக்கு இடது பக்கம் நாலஞ்சு மான் நின்னுச்சுங்க. நான் நின்னேன், அதுங்களும் என்னைப் பாத்துச்சு. அப்புறம் மெதுவா உள்ள நகர ஆரம்பிச்சுது. அதுங்க போன பக்கம் நல்லா தேஞ்ச ஒரு ஒத்தையடிப் பாதை தெரிஞ்சுது, இதுவும் வழிதான்போலன்னு போனைக் கையில வெச்சுக்கிட்டே பின்னாடி போனேன். ஒரு பத்து நிமிஷம்தான். மான் காணாமப் போச்சு. திரும்பிப் பாத்தா நான் வந்த பாதை ரெண்டாப் பிரிஞ்சு இருக்கு. வரும்போது அது பிரியிற மாதிரி தெரியவே இல்ல, ஏன்னா ரெண்டும் ஒண்ணா சேர்ற இடத்துல நான் முன்னாடி மட்டும்தான் பாத்துட்டு வந்தேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பழகிக்கோங்க, எந்தப் பாதையில போனாலும் கொஞ்ச தூரத்துக்கு ஒருவாட்டி நின்னு திரும்பிப் பாருங்க, திரும்பி வரும்போது அந்த இடம் எப்படித் தெரியும்னு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்புறம் மிருகங்க போற பாதைக்கும் மனுஷங்க பாதைக்கும் வித்தியாசம் இருக்கு. மிருகப் பாதையில தரை நல்லா தேஞ்சிருக்கும், ஆனா இடுப்பு உயரத்துல, மூஞ்சி உயரத்துல எல்லாம் கிளை குறுக்க வரும், ஏன்னா அதுங்களுக்கு அந்த உயரம் தேவையில்ல. நான் கிளைய ஒதுக்கி ஒதுக்கிப் போயிட்டிருந்தேன், அப்பயே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னமும் மனசுல உறுத்துறது. வழி தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆனா அதை நான் ஒத்துக்கல. "இந்தப் பக்கம்தான், இன்னும் கொஞ்சம் போனா மஞ்சக் கோடு வந்துடும்"னு எனக்கு நானே சொல்லிட்டு வேக வேகமா நடந்தேன். மஞ்சக் கோட்டைக் கடைசியா பாத்த இடத்துல இருந்து வெறும் பத்து நிமிஷ தூரத்துல நின்னுட்டு இருந்தவ, அரை மணி நேரம் வேகமா நடந்து என்னை நானே தொலைச்சேன். நெஞ்சு படபடன்னு அடிக்குது, வாயெல்லாம் காஞ்சுபோச்சு, ஆனா கால் நிக்க மாட்டேங்குது. பயத்துல உடம்பு நடந்துட்டே இருக்கணும்னு சொல்லும்போல. கொஞ்ச நேரத்துல ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்துச்சு, அதைத் தாண்டிப் போனேன். திரும்ப ஒரு இருபது நிமிஷம் கழிச்சு அதே மரம். அதே மரம்தான், நான் தாண்டும்போது பிஞ்ச பட்டை அப்படியே கிடக்குது. அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

எனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சோன்னு வந்தப்புறம் தேடிப் படிச்சேன். 2009ல ஜெர்மனியில மாக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க இதைச் சோதிச்சே பாத்திருக்காங்க. ஆளுங்களைப் பீன்வால்ட்னு ஒரு பெரிய காட்டுலயும் சகாரா பாலைவனத்துலயும் விட்டு நேரா நடங்கன்னு சொல்லி ஜிபிஎஸ்ல கவனிச்சிருக்காங்க. சூரியன் தெரிஞ்சவங்க ஓரளவு நேரா போயிருக்காங்க, மேகம் மூடின நாள்ல காட்டுல நடந்தவங்க நேரா போறோம்னு நம்பிட்டே வட்டம் அடிச்சு தங்களோட பாதையையே திரும்பத் தாண்டியிருக்காங்க. அன்னைக்கு எனக்கும் மேகம்தான். அதனால மேகம் இருக்கும்போது, அடர்ந்த மரத்துக்குக் கீழ, "எனக்கு திசை தெரியும்"ங்குற நம்பிக்கைய நம்பாதீங்க, திசைகாட்டி இல்லாம யாராலயும் முடியாது. வழி தெரியலன்னு தோணுன அந்த நொடியே நில்லுங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, கடைசியா எந்த இடத்துல பாதை உறுதியா தெரிஞ்சுதுன்னு யோசிங்க. கால்தடம் பாத்து அந்த இடத்துக்குத் திரும்ப முடியும்னா மட்டும் எழுந்திரிங்க.

போன் விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா நான் நம்பினது அதைத்தான். சிக்னல் இல்ல. மேப் திறந்தா வெறும் சாம்பல் கலர், நடுவுல ஒரு நீலப் புள்ளி. புள்ளி சரியா காட்டுது, சுத்தி ஒண்ணுமே இல்ல. ஏன்னா ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்ல, அது சாட்டிலைட்ல இருந்து வருது, ஆனா படம் நெட்ல இருந்துதான் வரணும். வீட்ல வைஃபைல இருக்கும்போதே அந்த ஏரியா மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணி, நடக்க ஆரம்பிக்கும்போதே டிராக் ரெக்கார்டிங் போட்டிருந்தேன்னா, வந்த கோட்டுலயே திரும்பி நடந்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. சார்ஜ் அப்ப 41 சதவீதம், சிக்னலைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்னுது, ஃபிளைட் மோட்ல போட்டா நிக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. ஃபிளைட் மோட்லயும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அப்புறம் உங்க சிம்முக்கு சிக்னல் இல்லன்னாலும் வேற கம்பெனி டவர் எட்டுற இடமா இருந்தா பல நாட்டுல அவசர நம்பருக்கு மட்டும் கால் போகும், அதனால அடிச்சுப் பாக்காம விட்டுடாதீங்க. கால் போகாத இடத்துலயும் மெசேஜ் சில சமயம் போயிடும், ஒரு நொடி சிக்னல் வந்தாலே அதுக்குப் போதும்.

ஆறு மணி ஆச்சு, மழை பிடிச்சிருச்சு. எங்கயோ படிச்ச ஞாபகம், ஓடையைப் பிடிச்சுக் கீழ போனா ஊர் வந்துடும்னு. தண்ணி சத்தம் கேட்ட பக்கம் இறங்கினேன். ஓடை நேரா ஊருக்குப் போகாது, பாறை விட்டுப் பாறை குதிச்சுப் பள்ளத்துக்குத்தான் போகும். ரெண்டாவது பாறையிலயே பாசி வழுக்கி கால் மடங்கிடுச்சு, போன் பாக்கெட்ல இருந்து தண்ணியில விழுந்துச்சு. எடுத்தேன், டார்ச் மட்டும் கொஞ்ச நேரம் எரிஞ்சுது, அப்புறம் அதுவும் போச்சு. இருட்டுல, மழையில, தெரியாத இடத்துல ஓடையில இறங்காதீங்க, தயவு செஞ்சு. தாகத்துக்கு அந்தத் தண்ணியத்தான் குடிச்சேன், அதுக்கு வருத்தப்படல, வேற வழி இல்ல, ஆனா பத்து நாள் கழிச்சு வயித்தால போக ஆரம்பிச்சு டெஸ்ட் பண்ணதுல ஜியார்டியான்னு ஒரு குடல் கிருமின்னு வந்துச்சு. எவ்வளவு தெளிவா ஓடுற தண்ணியா இருந்தாலும் ஒரு நிமிஷம் கொதிக்க வெச்சாதான் அந்தக் கிருமி சாகும், இல்லன்னா ஃபில்டர் வேணும்.

கால் நடக்க விடல, அதுதான் என்னைக் காப்பாத்துச்சுன்னு இப்ப நினைக்கறேன். தவழ்ந்து தவழ்ந்து ஓடைய விட்டு மேல வந்து ஒரு மரத்தடியில உக்காந்தேன். போட்டிருந்தது காட்டன் டீஷர்ட்டும் ஜீன்ஸும், ரெண்டும் நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கிச்சு. ஈரக் காட்டன் உடம்புச் சூட்டை உறிஞ்சிட்டே இருக்கும், குளிர் தேசமா இருக்கணும்னு அவசியமே இல்ல, நனைஞ்சு காத்தும் அடிச்சா சாதாரண மழை நாள்லயே உடம்போட வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்கி ஹைப்போதெர்மியா வந்துடும். பல்லு கிடுகிடுன்னு அடிக்குது, கை விரல் மடங்கல. ஈர மண்ணுல உக்காந்ததுதான் பெரிய குளிர்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, பேக்கைக் கீழ போட்டு, மரத்தடியில நனையாத சருகை எல்லாம் அள்ளி அள்ளி அதுக்கு மேலயும் காலைச் சுத்தியும் குவிச்சேன். அது நிஜமாவே கதகதப்பு கொடுத்துச்சு. காட்டுல தொலைஞ்ச குழந்தைங்க என்ன பண்ணணும்னு சொல்லித்தர ஒரு திட்டம் இருக்கு, 1981ல அமெரிக்காவுல ஒரு சின்னப் பையன் காட்டுல காணாமப்போய் இறந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சது. அவங்க முக்கியமா சொல்றது, ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அங்கயே இரு. தேடுறவங்க ஒரு தடவை தேடி முடிச்ச இடத்துக்கு நாம நகர்ந்து போயிட்டா திரும்ப அங்க வர அவங்களுக்கு ரொம்ப நேரம் ஆகும்.

ராத்திரியப் பத்தி முழுசா எழுத எனக்கு இன்னமும் முடியல. கத்திக் கத்தி எட்டு மணிக்கே தொண்டை போயிடுச்சு. ஒரு விசில் இருந்திருந்தா விடிய விடிய ஊதியிருக்கலாம், அதுக்குக் குரல் வேணாம், நம்ம கத்துறதை விட ரொம்ப தூரம் கேக்கும். மலையில ஆபத்துன்னா ஒரு நிமிஷத்துக்குள்ள 6 தடவை ஊதணும் இல்ல லைட்டைக் காட்டணும், அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருந்து மறுபடி 6 தடவை. பதில் நிமிஷத்துக்கு 3 தடவை வரும். இது 1894ல இருந்து ஆல்ப்ஸ் மலையில இருக்குற பழக்கம். பல இடத்துல மூணு தடவை ஊதினாலே ஆபத்துன்னு புரிஞ்சுக்குவாங்க. அப்ப இது எதுவும் எனக்குத் தெரியாது. நடு ராத்திரி ஏதோ ஒண்ணு சருகு மேல நடந்து வந்து நின்னுச்சு. மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் அசையல, அம்மா அம்மான்னு மனசுக்குள்ள சொல்லிட்டே இருந்தேன், கொஞ்ச நேரத்துல அது தானா போயிடுச்சு. அந்த ராத்திரி என்னை எந்த மிருகமும் ஒண்ணும் செய்யல. என்னைக் கொல்லப் பாத்தது மழையும் குளிரும்தான், ஆனா போறதுக்கு முன்னாடி நான் பயந்தது முழுக்க மிருகத்துக்குத்தான்.

காலைல ஆறரைக்கு விசில் சத்தம் கேட்டுச்சு. கையில கிடைச்ச கல்லை எடுத்து இன்னொரு கல்லுல தட்டினேன், குரல் வரல. நாலு பேர் வந்தாங்க. அதுல வயசான கார்டு ஒருத்தர் தன்னோட சட்டைய கழட்டி என் மேல போத்திட்டு, "ஏம்மா, ரிஜிஸ்டர்ல பேரெழுதிட்டுப் போயிருக்கக் கூடாதா, எழுதியிருந்தா ராத்திரி ஏழு மணிக்கே கிளம்பியிருப்போமே"ன்னார். எனக்குப் பதில் வரல, அழுகைதான் வந்துச்சு. நடந்தது என்னன்னா, விடியக்காலை நாலு மணிக்கு ரவுண்ட்ஸ் போன ஒருத்தர் பார்க்கிங்ல ஒத்தை வண்டி நிக்கிறதைப் பாத்திருக்கார். அந்த ஒரு ஆளு பாக்கலன்னா? அக்கா என்னைத் தேட ஆரம்பிச்சதே மறுநாள் மதியம்தான், அவளுக்கு நான் எந்த இடத்துக்குப் போனேன்னே தெரியாது. பாதையில இருந்து நான் கிடந்த இடம் எவ்வளவு தூரம்னு கேட்டேன், 400 மீட்டர் இருக்கும்னாங்க.

என்னைத் தூக்கிட்டு வரும்போது அந்தக் கார்டு தரையைக் காட்டிக் காட்டிப் பேசிட்டே வந்தார், திட்டுற மாதிரி இல்ல, ஒரு வருத்தத்தோட. "நீங்க பாதைன்னு நினைச்சுப் போனீங்களே, அது முதல்ல மான் போற தடம்தாம்மா. போட்டோ எடுக்கப் போறவங்க ஒவ்வொருத்தரா மிதிச்சு மிதிச்சு அகலமாக்கிட்டாங்க. மிதிச்ச மண்ணு இறுகிடும், விதை முளைக்காது. தரையில முட்டை போடுற குருவிங்க எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க பாக்காமலே மிதிச்சிருப்பீங்க. சாயங்காலம் மானுங்க தண்ணிக்கு இறங்குற நேரம், ஆள் நடமாட்டம் இருந்தா வராமயே போயிடும்." எனக்கு அது ரொம்ப வலிச்சுது. அந்த மான் என்கிட்ட இருந்து விலகிப் போனதை நான் என்னைக் கூப்பிடுற மாதிரி நினைச்சுப் பின்னாடி போயிருக்கேன். அதோட வீட்டுக்குள்ள நான் விரட்டிட்டுப் போயிருக்கேன். மிருகம் நம்மளைப் பாத்து தான் பண்ற வேலைய நிறுத்துச்சுன்னாலே நாம ரொம்பக் கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், பாதையில நின்னுட்டே பாத்துட்டு நகர்ந்துடணும்.

கணுக்கால் லிகமென்ட் கிழிஞ்சு ஆறு வாரம் ஆபீஸ் போகல, அதுல மூணு வாரம் சம்பளம் இல்லாத லீவு. போன் சரி பண்ண முடியாதுன்னுட்டாங்க. பாதைய விட்டு விலகினதுக்கு அபராதம், நியாயம்தான், கட்டினேன். ஸ்கேன், டாக்டர், அப்புறம் அந்த வயித்துக்கான மருந்து, எல்லாம் கூட்டிப் பாத்தா என்னோட ஒன்றரை மாசச் சம்பளம். ஒரு விசில், மெல்லிசா ஒரு மழைக்கோட்டு, தலையில மாட்டுற டார்ச், ஒரு சின்ன பவர் பேங்க், இதெல்லாம் அதுல ஒரு துளிக்கு வந்திருக்கும். ரெண்டு நாள் கழிச்சுக் குளிக்கும்போது முட்டிக்குப் பின்னாடி ஒரு உண்ணி ஒட்டிட்டு இருந்துச்சு, காட்டுல இருந்து வந்த அன்னைக்கே அக்குள், இடுப்பு, முட்டிக்குப் பின்னாடி, முடிக்குள்ள எல்லாம் தடவிப் பாத்துடுங்க. இருந்தா நெருப்பு, எண்ணெய் எதுவும் வைக்காதீங்க, ட்வீஸர்ல தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்தா வந்துடும். மனசுக்கு ஆனது வேற. ஒரு மாசம் லைட்டை அணைச்சுட்டுத் தூங்க முடியல.

போன ஞாயித்துக்கிழமை அதே இடத்துக்குத் திரும்பப் போனேன். அக்காவுக்கு ஊர் பேரு, எந்தப் பாதை, எத்தனை மணிக்கு வெளிய வருவேன், அந்த மணிக்கு மெசேஜ் வரலன்னா யாருக்குப் போன் பண்ணணும், எல்லாம் அனுப்பிட்டேன், திட்டினா, பரவால்ல. காலைல 8:10க்கு ரிஜிஸ்டர்ல பேரெழுதினேன், கை நடுங்குச்சு. பெரிய ரவுண்டுல அந்த இடம் வரைக்கும் மட்டும் போயிட்டுத் திரும்பிடணும்னு முடிவு. போனேன். நான் உள்ள இறங்கின அந்தத் தடத்துக்குக் குறுக்க ரெண்டு பெரிய கட்டையப் போட்டு, மேல கிளை எல்லாம் பரப்பி மூடி வெச்சிருந்தாங்க. கட்டைக்கு அந்தப் பக்கம் மண்ணுல புல்லு தலை காட்டியிருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத் திரும்பினேன். வெளிய வந்ததும் மறக்காம ரிஜிஸ்டர்ல 12:40னு எழுதினேன். உள்ள போற நேரத்தை எழுதுற நிறைய பேர் இதை விட்டுடறாங்க, அப்படி விட்டா ராத்திரி நாலு பேர் டார்ச்சை எடுத்துக்கிட்டு, உள்ள இல்லாத நம்மளைத் தேடி அந்த ஓடைப் பக்கம் இறங்குவாங்க.